கபிலர்

கபிலர் என்னும் பெயர், வடமொழி மரபில் சாங்கிய தரிசனத்தின் ஆதி ஆசிரியராகப் போற்றப்படும் முனிவருக்கு உரியது. அவர் ஆசுரிக்கும், ஆசுரி பஞ்சசிகருக்கும் அத்தத்துவத்தை உபதேசித்தனர் என்று ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை கூறும். சகரபுத்திரர்களைக் கோபாக்கினியால் சாம்பராக்கியவரும் அவரே என்பது இதிகாச புராணங்களின் கொள்கை; இவ்விஷயத்தில் சரித்திரம் துணிந்து சொல்லக்கூடியது சொற்பமே.

தமிழ்நாட்டுக் கபிலருள் தலையாயவர் சங்கப் புலவர். பறம்பு மலைத் தலைவனாகிய வேள் பாரியின் உயிர்த்தோழர். குறிஞ்சித்திணை பாடுவதில் நிகரற்றவராகிய இவர், ஐங்குறுநூற்றின் மூன்றாம் நூறும், ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தும் பொருட்டு 261 அடிகளாலாகிய குறிஞ்சிப்பாட்டும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும் பாடினார். அப்பத்தைக் கேட்டு மகிழ்ந்த சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன், நூறாயிரம் காணம் அளித்ததோடு, நன்றா என்னும் குன்றின்மீது ஏறி நின்று தன் கண்ணுக்கெட்டிய நாட்டையும் கொடுத்தான் என்று பதிகம் உரைக்கிறது. பாரி மறைந்தான், ஆதலால் நீ காப்பாயாக என்று இரக்க வந்தேனல்லேன் என அச்சேரனுக்கு முன்பே சொல்லத் துணிந்தவர் இவர் என்பதையும் உடன்வைத்து நோக்கினால், அக்கொடையின் பெருமை இரு பக்கத்தும் உண்டு என்பது விளங்கும்.

மூவேந்தர் பகையால் பாரி மாண்டபின், அவன் மகளிரை மணக்குமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டிய கபிலர், அது கைகூடாமையால் அவர்களைப் பார்ப்பாரிடம் சேர்ப்பித்து வடக்கிருந்து உயிர்நீத்தார் என்று புறநானூற்றுக் கொளு குறிப்பிடும். திருக்கோவலூர் வீரட்டானத்தில் உள்ள முதலாம் இராஜராஜன் காலத்துச் சாசனமோ, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் அக்கினிப் பிரவேசம் செய்ததாகச் சொல்கிறது. தென்பெண்ணையாற்றில் உள்ள பாறையொன்று இன்றும் கபிலக்கல் என வழங்குகிறது. சாசனம் காலத்தால் மிகப் பிந்தியதாகையால், கபிலர் முடிவைக் காட்டிலும், சோழர் கால மக்கள் அம்முடிவை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கே அது சிறந்த சான்று.

சங்கத் தொகைகளிலேயே தொல்கபிலர் என வேறொருவர் காணப்படுகிறார். பெயர் மயங்கும் என்பதைத் தொகுத்தோர் அன்றே உணர்ந்து அடைமொழி தந்தனர் போலும். பிற்காலத்தார்க்கு இந்த எச்சரிக்கை இல்லை. இன்னா நாற்பதின் ஆசிரியர் பெயரும் கபிலரே. நீதிநூலின் நடையும், சிவன், பலராமன், திருமால், முருகன் ஆகிய நால்வரையும் வாழ்த்தும் அதன் கடவுள் வாழ்த்தும் அவரைப் பிற்பட்டவராகக் கொள்ளத் தூண்டுகின்றன. பதினோராந் திருமுறையில் மூத்த நாயனார் திருஇரட்டைமணிமாலை முதலிய மூன்று பிரபந்தங்களைப் பாடிய கபிலதேவ நாயனாரையும் பாரியின் நண்பரென மயங்கியோர் உண்டு. எனினும், சங்கச் செய்யுட்களில் விநாயக வழிபாடு காணப்படாத நிலையில், மூத்த நாயனாராகிய விநாயகரைத் துதிக்கும் இவர் வேறொருவர் என்பது தெளிவு. அத்திருமுறையில் நக்கீரதேவரும் பரணதேவரும் இவருடன் இடம்பெற்றமை அம்மயக்கத்தை மேலும் வளர்த்தது.

எல்லாவற்றிலும் பிற்பட்டது கபிலர் அகவல். பிறப்பால் ஏற்றத்தாழ்வு கற்பிப்பதைக் கண்டிக்கும் இச்சிறுநூல், கபிலரை ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவருள் ஒருவராக்கி, வள்ளுவரையும் ஔவையையும் அவருக்கு உடன்பிறந்தாராக்குகிறது. காலத்தால் வேறுபட்டோரை ஒரு தாய் வயிற்றில் வைத்த இக்கதையைச் சரித்திரமாகக் கொள்ளுதல் இயலாது. சங்கக் கபிலரோ விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் தம்மை அந்தணன் என்றே அறிமுகம் செய்துகொண்டவர். சாதியைச் சாடும் அகவலுக்கு அவர் பெயரைத் தேர்ந்தவர் யாராயினும், அப்பெயரின் செல்வாக்கை நன்கு அறிந்தவரே.