கப்பல் அறைக்குள் கடல் தெரிந்த கதை

1842 ஜனவரியில் லிவர்பூலில் பிரிட்டானியா கப்பல் ஏறிய சார்லஸ் டிக்கன்ஸால், தனக்கு ஒதுக்கிய அறை அதுதான் என்று நம்பவே முடியவில்லை. லண்டன் ஏஜென்ட் அலுவலகத்தில் மாட்டியிருந்த படத்தில் எல்லாம் விசாலமாகத் தெரிந்தது. நேரில் பார்த்தால், அவரும் மனைவியும் கொண்டுவந்த பெட்டிகளை உள்ளே நுழைக்கக்கூட இடமில்லை. மெத்தையோ தட்டை. அமெரிக்கப் பயணம் பற்றிய தம் நூலில் இந்த ஏமாற்றத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். பிரிட்டானியா தபால் ஒப்பந்தத்துக்காக ஓடிய கப்பல்; பயணியின் வசதி அதற்கு இரண்டாம்பட்சம்தான்.

பாய்மரக் காலத்தில் கப்பலின் பின்பகுதிக்கே மதிப்பு. கேப்டன் அறையும் அங்கேதான். நீராவி எஞ்சினும் சுழல் விசிறியும் வந்தபின் அங்கே அதிர்வும் இரைச்சலும் தாங்கவில்லை. ஆனாலும் பழைய வழக்கம் போகவில்லை. 1871இல் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ஓஷியானிக்தான் துணிந்து முதல் வகுப்பை நடுப்பகுதிக்கு மாற்றியது. வட்ட ஜன்னல்கள் பெரிதாயின. அறைக்குள்ளேயே குழாய்த் தண்ணீர் வந்தது. கப்பல் அறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் கிடையாது. அதிர்வு குறைந்த அந்த நடுப்பகுதி முதல் வகுப்புக்குப் போக, புலம்பெயர்ந்த ஏழைகளுக்கு இரு முனைகளே மிஞ்சின.

ஏற்றத்தாழ்வு அதோடு நிற்கவில்லை. 1912இல் டைட்டானிக்கின் இரண்டு சொகுசு அறைத்தொகுதிகளுக்குத் தனி உலாவுதளமே இருந்தது. மூன்றாம் வகுப்பில் 700க்கும் மேற்பட்டோருக்குக் குளியல் தொட்டி மொத்தமே இரண்டு.

உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் கப்பல், ஜெர்மனியின் பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸ். 1900இல் வெள்ளோட்டம் கண்ட அதில் முதல் வகுப்பு அறைகள் மட்டுமே. புகைப்படம் கழுவ இருட்டறைகூட உண்டு. 1906இல் ஜமைக்கா கரையோரம் தரைதட்டி அழிந்தது.

எல்லா அறையிலிருந்தும் கடல் தெரிய வேண்டும் என்ற ஆசையை நிறைவேற்றியது 1984இல் வந்த ராயல் பிரின்ஸெஸ். கூடங்களையும் உணவகத்தையும் கீழே இறக்கி, அறைகளை மேல்தளங்களில் அடுக்கினார்கள். உள்ளறை ஒன்றுகூட இல்லை. பல அறைகளுக்குப் பால்கனியும் கிடைத்தது. 2009இல் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் வந்தபோது கப்பலே அகன்றுவிட்டது. நடுவே வானம் பார்த்த தோட்டம் அமைத்து, அதை நோக்கியும் பால்கனி வைத்தார்கள்.

அறை பதிவு செய்கிறவர்கள் தள வரைபடத்தை முதலில் விரித்துப் பாருங்கள். கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கீழ்த்தளத்தின் நடுப்பகுதிதான் நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு.