ட்ரோன்கள் கூட்டமாகப் பறக்கக் கற்ற வரலாறு

ட்ரோன்கள் ஒன்றோடொன்று மோதாமலும் ஒன்றைவிட்டு ஒன்று சிதறாமலும் கூட்டமாகப் பறக்கக் கற்ற சரித்திரத்தைப் பலரும் கம்ப்யூட்டரின் வெற்றியென்றே வர்ணிக்கிறார்கள். ஆயினும் அதனை ஊன்றிப் படிப்போருக்கு, மோட்டாரின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்ற எளிய உண்மைக்குப் பறத்தலை ஆளும் சூத்திரங்கள் படிப்படியாக இணங்கி வந்த வரலாறே அது என்பது புலப்படும்.

1987-ம் ஆண்டில் அமெரிக்காவில் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்பவர், திரையில் பறவைக் கூட்டங்களைச் சித்திரிக்கும் பொருட்டு, அருகிலுள்ளதன்மீது மோதாதிருத்தல், அண்டையிலுள்ளவற்றின் திசையையும் வேகத்தையும் அனுசரித்தல், கூட்டத்தின் நடுவை நாடுதல் என்ற மூன்று விதிகளை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். தலைவன் என ஒருவனும் இல்லாமலே ஒழுங்கு பிறக்கக்கூடும் என்று காட்டிய இவ்விதிகள் உலகப் பிரசித்தி பெற்றன. ஆனால் அதே கட்டுரையில் அவர் செய்த மற்றோர் ஏற்பாட்டை அவ்வளவாக எவரும் நினைவுகூர்வதில்லை. தம் பறவைகள் வேகத்தை எவ்வளவு விரைவாக மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு அவர் ஓர் உச்சவரம்பு விதித்து, மூன்று விதிகளும் சேர்ந்து அவ்வரம்புக்கு மேல் கேட்குமானால், மோதலைத் தவிர்க்கும் கோரிக்கையை முதலில் நிறைவேற்றி, மிச்சத்தையே மற்றவற்றுக்கு அளித்தார். கூட்டம் சற்றுக் கலைந்தாலும் உயிர் தப்ப வேண்டும் என்னும் இந்த நீதி, பின்னாளில் உண்மையான யந்திரங்களுக்கு இன்றியமையாததாயிற்று.

1995-ல் ஹங்கேரி நாட்டுப் பௌதிக அறிஞர் விச்செக்கும் அவருடைய சகாக்களும், இயங்கும் துகள் ஒவ்வொன்றும் அண்டையிலுள்ளவற்றின் சராசரித் திசையை மேற்கொண்டாலே போதும், கூட்டம் முழுதும் ஒரே முகமாகத் திரும்பிவிடக்கூடும் எனக் காட்டினார்கள். அத்துகள்கள் மாறாத வேகத்தில் சென்றன. நினைத்த கணத்தில் திரும்பின. காகிதத்தில் அதற்குத் தடை ஏது?

நான்கு விசிறிகளால் பறக்கும் ட்ரோனோ அவ்வாறு சுயேச்சையானதன்று. பக்கவாட்டில் நகர வேண்டுமானால் அது தன் உடலையே சாய்த்தாக வேண்டும். சாய்ந்தவுடன், எடையைத் தாங்கி நின்ற உந்துவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டுக்குப் போய்விடும். 45 பாகை சாய்ந்தபடி உயரம் குறையாமல் பறக்க, அசையாது நிற்கும்போது வேண்டியதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு உந்துவிசை தேவை. 60 பாகைக்கு இரு மடங்கு. மோட்டார் ஏற்கெனவே உச்சத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது சூத்திரம் மேலும் கேட்டால், ட்ரோன் ஒன்று தாழும், அன்றேல் நிலைகுலையும்.

இத்தடையை நேர்முகமாக ஏற்று வழிகண்ட பெருமை, அதே விச்செக் குழுவினருக்கும் உரியது. 2014-ல் புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் 10 ட்ரோன்களை, மையக் கட்டுப்பாடு எதுவுமின்றித் திறந்த வெளியில் பறக்கவிட்டு, வளையமாகவும் நேர்கோடாகவும் அணிவகுக்கச் செய்தார்கள். 2018-ல் அக்குழுவைச் சேர்ந்த வாஷார்ஹெயும் அவருடைய தோழர்களும் 30 ட்ரோன்களைத் தடைகள் நிறைந்த எல்லைக்குள் பறக்கவிட்டபோது, அவர்கள் சூத்திரத்தின் மையத்தில் பிரேக்கின் கணக்கே இருந்தது. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும் ட்ரோன், தன் வேகத்தை ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 4 மீட்டர் வீதமே குறைக்க வல்லதென்று கொண்டால், நிற்பதற்கு 8 மீட்டர் வேண்டும். வேகம் பாதியானால் 2 மீட்டரே போதும். அண்டை ட்ரோனின் செய்தி அரை வினாடி தாமதித்தாலோ, முதற் கணக்கில் மேலும் 4 மீட்டர் சேர்ந்துவிடும். ஆதலால் இரு ட்ரோன்களிடையே எவ்வளவு வேக வித்தியாசம் இருக்கலாம் என்பதை, அவற்றின் இடைத்தூரத்தையும் நிறுத்தும் வல்லமையையும் கொண்டே அவர்கள் நிர்ணயித்தார்கள். சுவரையும் தடையையும்கூட எதிர்த்து வரும் கற்பனை ட்ரோன்களாகப் பாவித்து, அதே கணக்குக்கு உட்படுத்தினார்கள்.

ட்ரோன்கள் கேளிக்கைக் காட்சிகளிலும் கூட்டமாகப் பறந்துள்ளன. 2012-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 49 ட்ரோன்களும், பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக 1,218 ட்ரோன்களும், 2022 ஜனவரி 29 அன்று டில்லியில் பாசறை திரும்பும் விழாவில் 1,000 ட்ரோன்களும் வானில் ஒளிச்சித்திரம் தீட்டின. இத்தகைய காட்சிகளில் பாதைகள் முன்கூட்டியே வகுக்கப்படுகின்றன. எனினும் அப்பாதைகளும் மோட்டாரின் வரம்புக்கு அடங்கியே அமைய வேண்டும், காற்றை எதிர்க்கக் கொஞ்சம் சக்தியையும் மிச்சம் வைக்க வேண்டும்.

ஆகவே அணியின் வேகத்தை நிர்ணயிக்க வேண்டியது, எதிர்காற்றில் மிக நலிந்து நிற்கும் ட்ரோனிடம் எஞ்சியுள்ள சக்தியே. புதிய சூத்திரங்களை வகுக்க முனையும் நம் இளைஞர்கள், மோட்டாரின் எல்லையைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதிக்கொண்டு தொடங்குவார்களாக.