பழைய படமும் அதன் சட்டமும்

பிரெஞ்சில் படச்சட்டத்துக்கு 'காத்ர்' என்று பெயர். எங்கள் வகுப்பில் சுவரில் தொங்கிய தேசப்படத்தின் மரச்சட்டத்தைக் காட்டித்தான் அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் அரசு வேலைக்குப் போனபோது "நீங்கள் எந்தக் கேடர்?" என்று கேட்டார்கள். அதுவும் அதே சொல்தான், ஆங்கிலம் பிரெஞ்சிடமிருந்து வாங்கிக்கொண்டது. நம் தமிழிலோ சட்டம் என்றால் மரத்துக்கும் அதுதான், அரசாங்க விதிக்கும் அதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் சட்டத்துக்குள்ளேயே இருந்து ஓய்வு பெற்றவன் சட்டத்தைப் பற்றி எழுதினால் நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நம் ஊரில் பழைய படம் வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலும் பழைய மரச்சாமான் கடைகளிலும் தூசி படிந்த ஓவியம் ஒன்று கண்ணில் படும். பேரம் பேசி வாங்குவோம். வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு, "படம் நன்றாக இருக்கிறது, பிரேமை மட்டும் மாற்றிவிடலாம்" என்பதுதான். இந்தப் பேச்சு புதிதல்ல. ஒரு படம் கை மாறினால் அதிலிருந்து முதலில் கழன்று போவது சட்டம்தான். பாரிஸ் நகரத்தின் கதையே அதற்குச் சாட்சி.

பிரெஞ்சுக்காரர்கள் சட்டங்களுக்கு ராஜாக்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். பதினான்காம் லூயி சட்டம் என்றால் மூலைகளில் பூவும் இலையும் கனமாகச் செதுக்கியிருக்கும். பதினைந்தாம் லூயி காலத்தில் ஓரமே அலை போல வளையும். பதினாறாம் லூயி காலத்தில் மறுபடியும் நேர்கோடு, அடக்கமான முத்து வரிசை. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பாரிஸ் தச்சர்கள் தாங்கள் செய்த பொருளில் தங்கள் பெயரை முத்திரையாகக் குத்த வேண்டும் என்று விதி இருந்தது. அவர்கள் சங்கத்தின் மேற்பார்வை முத்திரை தனி. 1791இல் தொழிற்சங்கங்களைப் புரட்சி அரசு கலைத்ததும் அந்த ஏற்பாடு முடிந்தது. ஆகவே சட்டத்தின் முதுகில் அப்படி முத்திரை இருந்தால், அது புரட்சிக்கு முந்தியது என்று நம்ப நல்ல காரணம் உண்டு. முன்பக்கத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியாது.

பிறகு நெப்போலியன் வந்தார். லூவ்ரு அருங்காட்சியகத்தில் பல படங்களின் பழைய சட்டங்களைக் கழற்றிவிட்டு, அவர் ஆட்சிக்குப் பொருத்தமான எம்ப்பயர் பாணிச் சட்டங்களைப் போட்டார்கள். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் சீருடை ஒன்றுதான்.

எனக்கு அதிக வருத்தம் தருவது இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் கதை. 1877இல் அவர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் பிஸாரோவும் தெகாவும் தங்கள் படங்களுக்கு வெள்ளைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அரசாங்கக் கண்காட்சியில் எல்லாம் தங்க மயம். வெள்ளை என்பது அதற்கு எதிரான ஒரு குரல். பக்கத்தில் தங்கம் மின்னாமல் இருந்தால்தான் தங்கள் வண்ணங்கள் எடுபடும் என்பது அவர்கள் எண்ணம். தெகா சட்டத்தின் வடிவத்தைத் தானே வரைந்து கொடுப்பார். தன் படத்துக்குத் தங்கச் சட்டம் போட்டிருந்த நண்பர் வீட்டில் அவர் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டதாக ஓவிய வணிகர் வொலார் ஒரு கதை சொல்வார். கோபக்காரர், செய்திருப்பார்.

ஆனால் படம் விற்க வேண்டுமே! இவர்களை வாழவைத்த வணிகர் துரான்-ருயெல். 1886இல் நியூயார்க்கில் இவர்கள் படங்களைக் காட்டி அமெரிக்கச் சந்தையைத் திறந்தவரும் அவரே. வாங்குகிறவர்களின் மாளிகையில் இருந்ததோ லூயி காலத்து நாற்காலி, மேசை. அதற்குப் பொருந்த, பதினைந்தாம் லூயி மோஸ்தரில் தங்கச் சட்டம் போட்டு விற்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த ஓவியர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள். ஆனால் வெள்ளைச் சட்டங்கள் அநேகமாக எல்லாமே போயின. இன்று உலக அருங்காட்சியகங்களில் பிஸாரோவின் வயல்வெளிகள் தங்க வேலைப்பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

வான்கோ 1887இல் வரைந்த ஒரு பழங்கள் படம் ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலுமிச்சை, பேரிக்காய், திராட்சை, எல்லாமே மஞ்சள். சட்டத்துக்கும் அவரே மஞ்சள் பூசினார், அது இன்னும் அப்படியே இருக்கிறது. தம்பி தெயோவுக்கு என்று எழுதிக் கொடுத்த படம் அது. குடும்பத்திலேயே இருந்தது, விலைக்குப் போகவில்லை. அதனால்தான் சட்டம் தப்பியது.

திருடனுக்குக்கூடச் சட்டம் வேண்டாம். 1911 ஆகஸ்ட் 21ஆம் தேதி மோனாலிசாவைத் தூக்கிக்கொண்டு போன இத்தாலியத் தொழிலாளி பெருஜா, சட்டத்தையும் கண்ணாடியையும் படிக்கட்டிலேயே விட்டுவிட்டுப் போனான்.

சரி, நம் வீட்டுக்கு வந்துவிட்ட பழைய தங்கச் சட்டத்தை என்ன செய்வது? அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் என்ன செய்யக்கூடாது என்பது தானாக விளங்கும். மரத்தின் மேல் சுண்ணப் பொடியையும் மிருகத்தோல் பசையையும் (நம் ஆசாரிகள் வஜ்ஜிரம் என்பார்களே, அந்த இனம்) கலந்து பல பூச்சு பூசுவார்கள். தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் செங்காவி நிறக் களிமண் பூச்சு. அதை நீரால் நனைத்துத் தங்கரேக்கை ஒட்டுவார்கள். காய்ந்தபின் மழமழவென்ற கல்லால் தேய்த்தால் பளபளப்பு வரும். அதாவது ரேக்கைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரில் கரையும் பசை. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியால் நாலு முறை துடைத்தால், நூறு வருஷத் தங்கம் துணியோடு வந்துவிடும். கீழேயிருந்து சிவப்பு தெரியும். தஞ்சாவூர்ப் படத்திலும் ரேக்குக்கு அடியில் பொடியும் பசையும்தான், அங்கும் தண்ணீர் ஆகாது.

19ஆம் நூற்றாண்டுச் சட்டங்களில் பூ வேலை பெரும்பாலும் செதுக்கியது அல்ல. சுண்ணம், பசை, பிசின், எண்ணெய் கலந்த மாவை அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டியது. அது காய்ந்து விரிசல் விடும், மூலையில் ஒரு இலை உதிர்ந்து போயிருக்கும். உதிர்ந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதே பசையால் ஒட்டலாம். துண்டு தொலைந்திருந்தால், நல்ல மூலையில் அச்செடுத்துப் புதிது வார்க்கலாம்.

அதைவிடப் பெரிய விரோதி டப்பாவில் விற்கும் தங்க பெயிண்ட். அதில் தங்கம் கிடையாது, பித்தளைத் தூள். நம் கடற்கரைக் காற்றில் கொஞ்ச காலத்திலேயே பழுப்பும் பச்சையுமாகக் கறுத்துவிடும். பல வருஷங்களுக்கு முன் நான் வாங்கிய கையெழுத்தில்லாத ஒரு ஆற்றங்கரைப் படத்தின் சட்டம் இப்படித்தான் இருந்தது. பிரேம் போடுகிற பையன் பார்த்ததும், "ஐயா, இதைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல பைபர் பிரேம் போட்டுத் தருகிறேன், எடையும் இருக்காது" என்றான். மறுத்துவிட்டு வீட்டுக்கே கொண்டு வந்தேன். ஒரு மூலையில் பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் பழைய ரேக்கு மங்கலாகத் தெரிந்தது. மீதிப் பெயிண்ட்டை நான் சுரண்டவில்லை. அது கை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, அவசரப்பட்டால் ரேக்கும் சேர்ந்து வரும்.

நான் செய்தது கொஞ்சம்தான். படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஆட்டு முடி போன்ற மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மேலிருந்து கீழே தட்டினேன். உளு அரித்த துளைகளில் புதுப் பொடி உதிர்கிறதா என்று கறுப்புக் காகிதத்தின் மேல் ஒரு வாரம் நிறுத்தி வைத்துப் பார்த்தேன், உதிரவில்லை. துருப்பிடித்த ஆணிகளையும் இற்றுப்போன கயிற்றையும் மாற்றினேன். பின்பக்க அட்டை மட்கியிருந்தது. அதிலிருந்த கடைச் சீட்டில் 'ரூ' என்ற பிரெஞ்சுச் சொல்லும் ஒரு கதவு எண்ணும்தான் மிச்சம். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, ஒரு காகித உறையில் போட்டுப் புதிய அட்டையின் உள்பக்கம் ஒட்டினேன். வெளிப்பக்கம், கோப்பில் குறிப்பு எழுதுகிற பழக்கத்தில், தேதி போட்டு என்னென்ன மாற்றினேன், என்னென்ன தொடவில்லை என்று பென்சிலால் ஆறு வரி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.