செல்லும் காசும் செல்லாக் காசும்

வேப்பூர் போன்ற நம் சிற்றூர்களில் மண் உண்டியலே நெடுங்காலம் ஏழையின் கருவூலமாய் விளங்கிற்று. அதில் விழுந்த செப்புக் காலணாக்கள் 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். இரண்டாம் உலகப் போரில் உலோகம் அரிதாகவே, 1943-இல் நடுவே துளையிட்ட காலணா வெளிவந்தது. செம்பு குறைந்தும் மதிப்புக் குறையவில்லை. காசைச் செல்லச் செய்வது அரசின் வாக்குறுதியே என்பதை அந்த ஓட்டைக் காலணா உணர்த்திற்று.

அவ்வாக்குறுதி மாறும்போதெல்லாம் நட்டமடைந்தவர் யார்? 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 புதுக்காசுகளாகப் பகுக்கப்பட்டது. ஓர் அணா ஆறேகால் காசுக்குச் சமம். கால் காசுக்கு நாணயம் இல்லாமையால் ஆறாகக் கணக்கிட்டனர். 16 அணாவை ஒருசேரக் கொடுத்தால் 100 காசு; ஒவ்வோர் அணாவாகக் கொடுத்தால் 96 காசுதான். சில்லறையில் வாழ்ந்தவரே இழந்தார்.

2011 ஜூன் 30 முதல் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவையாயின. முந்திய நாள்வரை வங்கிகளில் மாற்ற வாய்ப்பிருந்தது. பிந்தி உண்டியலை உடைத்தவருக்கு உலோகமே மிஞ்சிற்று. ஐம்பது காசு இன்றும் சட்டப்படி செல்லும். 10 ரூபாய் வரை அதனால் செலுத்தலாம். ஆயினும் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். மீதிச் சில்லறைக்கு மிட்டாய் நீட்டுகிறார்.

எருசலேம் ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் இட்ட இரு செப்புக் காசுகளை ஆண்டவர் கண்டு மதித்தார். சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுப்பவர்முன் பொறுமையிழக்கும் நாம், செல்லாதென ஒதுக்குவது காசை மட்டுந்தானா?