முதல் வண்டியை மட்டும் காட்டினா போதுமா? எல்கைப் பந்தய ஒளிபரப்பு எப்படி இருக்கணும்?

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, மீமிசல் பக்கம் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தா, 'எல்கைப் பந்தயம்'னா என்னன்னு சொல்லவே வேண்டாம். கோயில் திருவிழாவோ பொங்கலோ வந்துட்டா, காலையிலேயே ரோட்டோட ரெண்டு பக்கமும் கூட்டம் நின்னுடும். நேர்ல போக முடியாதவங்களுக்கு யூடியூப் லைவ்தான் கதி. சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரங்க பந்தயத்தைப் பார்க்கிறது செல்போன்லதான்.

ஆனா, அந்த வீடியோவுல உண்மையிலேயே பந்தயம் தெரியுதா? பல நேரம் தெரியறது முன்னாடி ஓடுற ஒரு வண்டி, சுத்தி 50 பைக், காதைக் கிழிக்கிற ஹாரன். ரெண்டாவது வண்டி எவ்வளவு தூரத்துல வருது, திரும்புற இடம் வந்துடுச்சா, இது பெரிய மாடா, நடு மாடா... எதுவும் புரியாது. திடீர்னு சிக்னல் போகும். திரும்ப வரும்போது பரிசளிப்பு நடந்துட்டிருக்கும்!

முதல்ல, பந்தயம் எப்படி நடக்குது?

எல்கைன்னா எல்லை. ஓர் இடத்துல கிளம்பி, குறிச்ச எல்லை வரைக்கும் ஓடி, அங்கே திரும்பி, கிளம்பின இடத்துக்கே வரணும். தூரத்தை இன்னமும் மைல் கணக்குலதான் சொல்வாங்க. 'போக வர 8 மைல்'னா, போறதுக்கு 4, வர்றதுக்கு 4. மொத்தம் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். மாட்டோட அளவைப் பொறுத்து பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுனு பிரிவுகள் உண்டு. சின்ன மாடுகளுக்குத் தூரமும் குறைவு. ஜோடிகள் அதிகமா வந்துட்டா, ஒரே பிரிவை ரெண்டா பிரிச்சு ஓட விட்டு, தனித்தனியா பரிசு கொடுப்பாங்க. பல ஊர்கள்ல இதோட குதிரை வண்டிப் பந்தயமும் சேர்ந்தே நடக்கும்.

கொங்குப் பக்கத்து ரேக்ளா வேற மாதிரி. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துல 200 மீட்டர், 300 மீட்டர்னு குறுகிய தூரம். வண்டிகளைத் தனித்தனியா ஓட விட்டு, எத்தனை விநாடின்னு கணக்கெடுப்பாங்க. அதைப் படம் பிடிக்க ரெண்டு, மூணு கேமரா போதும். நம்ம பக்கத்துப் பந்தயத்துக்கு அது போதாது.

டி.வி-க்கு ஜல்லிக்கட்டுதான் ஏன் பிடிக்குது?

பொங்கல் நேரத்துல அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு சேனல்கள் மணிக்கணக்கா நேரலை போடுறாங்க. எல்கைப் பந்தயத்துக்குச் செய்திகள்ல ஒரு சின்னக் காட்சி கிடைச்சாலே பெருசு. இதுக்கு ஓரவஞ்சனைதான் காரணம்னு சொல்லிட முடியாது. ஜல்லிக்கட்டுல வாசல் ஒண்ணு, களம் ஒண்ணு. காளை எங்கே வரும்னு கேமராவுக்கு முன்னாடியே தெரியும். எல்கைப் பந்தயம் 4 மைல் தார்ச்சாலையில நகர்ந்துக்கிட்டே இருக்கு. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவுல பெரிய இடைவெளி விழும். ஒரே கேமராவை வெச்சுக்கிட்டு அத்தனையையும் காட்ட முடியாது.

வெளிநாட்டுல குதிரை வண்டிப் பந்தயத்தை எப்படிக் காட்டுறாங்கன்னு பார்த்தா வித்தியாசம் புரியும். பாரிஸ்ல உள்ள வேன்சென் மைதானத்துல, 1920-லிருந்து நடக்கிற 'ப்ரீ தமெரிக்' உலகத்தோட பெரிய பந்தயங்கள்ல ஒண்ணு. தூரம் 2,700 மீட்டர்தான். வட்டமான ஓடுபாதைங்கறதால சுத்தி நிலையா கேமரா வைக்க முடியுது. ஒவ்வொரு குதிரைக்கும் எண், ஓட்டுநருக்கு அடையாளம் தெரியற மாதிரி நிற உடை. பிரான்ஸ்ல குதிரைப் பந்தயத்துக்குன்னே 'எக்கிடியா'ங்கற தனி டி.வி சேனலே இருக்கு.

அந்தப் பந்தயத்துல இன்னொரு விதி. குதிரை துள்ளுநடையிலதான் ஓடணும். நாலுகால் பாய்ச்சலுக்கு மாறி அப்படியே ஓடினா தகுதி நீக்கம். அதனால கேமரா குதிரையோட காலைக் காட்டியே ஆகணும். யார் முன்னாடிங்கறது மட்டுமல்ல, எப்படி ஓடுதுங்கறதும் பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சாகணும். நம்ம வீடியோக்கள்ல இல்லாதது இதுதான்.

கேமரா வெறும் பொழுதுபோக்கு இல்லை

'இதெல்லாம் ஒரு பிரச்னையா'னு நீங்க கேட்கலாம். பிரச்னைதாங்க. 2014 மே 7 அன்னிக்கு ஜல்லிக்கட்டோட சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த வழக்குல விலங்குகள் நல வாரியத்தோட கள ஆய்வு அறிக்கைகள் முக்கிய ஆதாரமா இருந்துச்சு. வாலை முறுக்குறது, கடிக்கிறது மாதிரியான கொடுமைகளை அதுல பதிவு பண்ணியிருந்தாங்க. 2017 ஜனவரி போராட்டத்துக்கு அப்புறம் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டோட ஜல்லிக்கட்டு, மகாராஷ்டிராவோட மாட்டு வண்டிப் பந்தயம், கர்நாடகாவோட கம்பளா ஆகியவற்றுக்கான சட்டங்கள் செல்லும்னு தீர்ப்பளிச்சது.

அதாவது, ஒருமுறை நின்னுபோய்த் திரும்ப வந்த விளையாட்டு இது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இன்னமும் அமல்லதான் இருக்கு. தார்க்குச்சியால குத்துறதும் வாலைக் கடிக்கிறதும் ஒரு வீடியோவுல பதிவாச்சுன்னா, அது அந்த ஒரு வண்டியோட நிக்காது. ஒழுங்கா மாடு வளர்த்து ஒழுங்கா ஓட்டுற அத்தனை பேரையும் பாதிக்கும். அதுக்காக கேமராவை வேற பக்கம் திருப்புறது தீர்வாகாது. எல்லா வண்டியும் தெளிவா பதிவாகுதுன்னு தெரிஞ்சா, சாரதியோட கை தானா அடங்கும். நல்லா ஓட்டினவருக்கும் அதுவே சாட்சி.

எண்ணிக்கை தப்பினா என்ன ஆகும்?

2020 பிப்ரவரியில கம்பளா வீரர் ஸ்ரீனிவாச கவுடா உலகம் முழுக்கப் பேசப்பட்டார், ஞாபகம் இருக்கா? எருமைகளோட 142.5 மீட்டரை 13.62 விநாடியில ஓடினார். அதை யாரோ 100 மீட்டருக்கு வகுத்து 9.55 விநாடின்னு சொல்ல, 'உசேன் போல்ட்டையே முந்திட்டார்'னு வீடியோ பறந்துச்சு. இழுத்துட்டுப் போற எருமைகளோட வேகமும் அதுல சேர்ந்திருக்குங்கறதைப் பலரும் மறந்துட்டாங்க. விளையாட்டு ஆணையத்தோட தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தும் அவர் போகலை.

இதுல நமக்கு ரெண்டு பாடம். தூரமும் நேரமும் திரையில தெரிஞ்சா, ஊர் விளையாட்டை உலகமே கவனிக்கும். அதே கணக்கை விவரம் இல்லாம போட்டா, கேலிக்கூத்தாகிடும்.

நல்ல ஒளிபரப்புன்னா என்னென்ன வேணும்?

லைவ் போடுறவங்களும் விழாக் கமிட்டியும் இதைச் செய்யலாம். பெரிய செலவு ஒண்ணும் இல்லை.

* திரையில விவரம்: எந்த ஊர், எந்தப் பிரிவு, எத்தனை ஜோடி, போக வர எத்தனை மைல். இந்த நாலும் எப்பவும் கண்ணுல படணும்.
* வண்டிக்கு எண்: பின்னாடியும் பக்கவாட்டுலயும் பெரிய எழுத்துல எண் இருந்தா, வர்ணனை செய்றவர் குழம்ப மாட்டார். மாட்டுக்காரர் பேரும் ஊர் பேரும் சரியா வரும்.
* மூணு நிலையான கேமரா: கிளம்புற இடம், எல்கை திரும்புற இடம், முடியுற இடம். திருப்பத்துலதான் பந்தயமே மாறும். அங்கே கேமரா இல்லைன்னா பாதிக் கதை போச்சு. முடியுற இடத்துக் கேமரா, 'யார் முன்னாடி'ங்கற சண்டையையும் தீர்த்து வைக்கும்.
* கூடவே போக ஒரே ஒரு வண்டி: கமிட்டி அனுமதிச்ச ஒரு வாகனம், போதுமான இடைவெளி விட்டுப் போகட்டும். பைக்ல திரும்பி உட்கார்ந்து செல்போன்ல படம் பிடிக்கிறது, பிடிக்கிறவருக்கும் ஆபத்து, மாட்டுக்கும் மிரட்சி.
* கடைசி வண்டியும் வரட்டும்: நாலாவது, அஞ்சாவது வந்த ஜோடிக்கும் ஒரு வருஷ உழைப்பு இருக்கு. பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு வளர்த்தவர் வீட்டுலயும் அந்த லைவைப் பார்க்கிறாங்க.
* முடிஞ்ச பிறகும் ரெண்டு நிமிஷம்: மாட்டை அவிழ்த்து, தண்ணி காட்டி, நிழல்ல கட்டுறதையும் காட்டுங்க. மாடு எப்படி இருக்குன்னு ஊருக்கே தெரியும்.

பார்க்கிற நீங்க என்ன செய்யலாம்?

எந்த சேனல்ல விவரம் தெளிவா வருதோ அதைப் பாருங்க, அதையே பகிருங்க. மாட்டை வதைக்கிற காட்சியை 'மாஸ்'னு போட்டா, லைக் போடாதீங்க. கமென்ட்ல ஊர்ச் சண்டை, சாதிச் சண்டை வேண்டாம். வெளிநாட்டுலிருந்து பரிசுத் தொகை அனுப்புறவங்க, அதுல ஒரு பங்கைத் திருப்பத்துல வைக்கிற கேமராவுக்குன்னு சொல்லி அனுப்பலாம். கமிட்டி உங்க பேச்சைக் கண்டிப்பா கேட்கும்!