அகத்தியமலைக் காணிகளும் மனிதரை அளக்கும் முறையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவுக்கு அப்பால், ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி அமைந்த போனக்காடு, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஏறும் பாதை தொடங்கும் இடமாகும். இம்மலையைச் சூழ்ந்த காடுகளிலும், தமிழகப் பக்கத்தில் பாபநாசம், பேச்சிப்பாறை மலைகளிலும் காணிகள் அல்லது காணிக்காரர் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சுடைய இவர்களின் குடியிருப்புகளை மூட்டுக்காணி என்னும் தலைவர் வழிநடத்த, நோய் தீர்க்கும் பொறுப்பு பிலாத்தி என்னும் மந்திர மருத்துவரிடம் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியுலகத்தின் கண் இவர்களின் உடல்மீதே முதலில் விழுந்தது. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கிப் பெறும் எண்ணுக்கு நாசிக் குறியெண் என்று பெயர். அந்த எண் கூடக்கூடச் சமூகப் படிநிலை தாழும் என்று ஆங்கிலேய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் வாதிட்டார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதே அளவுக்கருவிகளுடன் தென்னிந்தியா முழுவதும் சுற்றி, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற நூலில் காணிக்காரரின் உடல் அளவுகளையும் சேர்த்தார். அவர்களின் வழக்கங்களைப் பற்றிய பயனுள்ள செய்திகள் அந்நூலில் உண்டு என்றாலும், ஒரு மனிதனின் மூக்கை அளந்து அவன் தகுதியை அறியலாம் என்ற கொள்கை அறிவியலாக நிலைக்கவில்லை; காட்டைக் குறித்து அம்மனிதன் அறிந்திருந்தது என்ன என்பதை அக்கருவிகளால் எட்டவும் முடியவில்லை.

அந்த அறிவு வெளிப்பட்டது 1987இல். பழங்குடியினரின் இயற்கை அறிவை ஆராயும் அனைத்திந்திய ஒருங்கிணைந்த திட்டத்தின் அறிவியலாளர்கள், பி. புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்றபோது, தாங்கள் களைத்து நின்ற ஏற்றங்களிலும் வழிகாட்டிகளான காணிகள் ஏதோ ஒரு சிறு கனியைத் தின்று தளராமல் நடந்ததைக் கண்டனர். முன்னோர் காத்துவந்த அறிவு என்பதால் முதலில் தயங்கிய வழிகாட்டிகள், தவறாகப் பயன்படுத்தப்படாது என்ற உறுதி பெற்ற பின்னரே அக்கனியைத் தரும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் வழங்கி, இரண்டிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. அப்பணத்தைப் பெற 1997இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. மரபறிவுக்குப் பயன்பகிர்வு செய்வதை உலக நாடுகள் நகோயா நெறிமுறையாக ஏற்றது 2010இல்தான் என்பதை எண்ணினால், இந்த ஏற்பாடு எவ்வளவு முன்னோடியானது என்பது விளங்கும்.

எனினும் குறைகளை மறைப்பது முறையன்று. உரிம ஒப்பந்தத்தில் காணிகள் ஒரு தரப்பாகக் கையெழுத்திடவில்லை. காட்டில் அச்செடியைப் பயிரிடுவதற்கும் இலை சேகரிப்பதற்கும் வனத்துறை விதிகள் குறுக்கே நின்றன. அறிவைப் பாராட்டிய சமூகம், அறிவுடையோரைச் சமமான பங்காளிகளாக அமர்த்தத் தயங்கியது.

இதே மலை 2018இல் வேறொரு வேற்றுமையைச் சோதித்தது. அகத்தியர்கூடத்தின் உச்சிக்குப் பெண்கள் ஏறக் கூடாதென்று இருந்த கட்டுப்பாட்டை எதிர்த்துப் பெண்கள் தொடுத்த வழக்கில், பாலினத்தைக் காட்டித் தடை விதிக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் செய்தித்தொடர்பு அதிகாரியான தன்யா சனல் போனக்காட்டிலிருந்து புறப்பட்டு உச்சியை அடைந்தார். அகத்தியரைத் தம் தெய்வமாக வழிபடும் காணிகள் தங்கள் மனவருத்தத்தை வழிபாட்டுப் போராட்டமாக வெளிப்படுத்தினரே அன்றி, ஏறியவர்களை வழிமறிக்கவில்லை. உடன்படாதபோதும் தீங்கு செய்யாத அந்நடத்தையும் இம்மலையின் வரலாற்றில் எழுதப்பட வேண்டியதே.

மூக்கின் அளவும் பிறந்த குலமும் பாலினமும் ஒருவர் யார் என்பதைச் சொல்லப் போதுமானவை என்று நம்பிய ஒவ்வொரு முறையும் சமூகம் தவறியுள்ளது; அவர் என்ன செய்தார், எதை அறிந்திருந்தார், பிறரிடம் எவ்வாறு நடந்துகொண்டார் என்று கேட்ட ஒவ்வொரு முறையும் பயன் பெற்றுள்ளது. போனக்காட்டின் வரலாறு தரும் தீர்ப்பு இதுவே.