தஞ்சைச் சந்துகளில் ஒரு தாவர இயலார்

இடிந்த சுவர், இருண்ட சந்து, தேங்கிய சாக்கடை! இடித்துத் தள்ளு, நேராக ஒரு சாலை போடு! சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சிகள் கண்ட ஊர்ச் சீர்திருத்தம் பெரும்பாலும் இதுதான். பிளேக்கும் காலராவும் வாட்டிய காலம். நோக்கம் தீயதென்று கூறுவதற்கில்லை. ஆனால், இடிபட்ட வீட்டிலிருந்த ஏழை எங்கே போவான்?

அதைக் கேட்டவர் ஒருவர் 1914-இல் இங்கு வந்தார். பாட்ரிக் கெடிஸ், ஸ்காட்லாந்து நாட்டவர், தாவர இயல் பேராசிரியர். வசதி படைத்தோர் கைவிட்ட எடின்பரோ பழைய நகரின் நெரிசல் குடியிருப்பில், 1880-களில் மனைவி அன்னாவுடன் குடியேறி, அண்டை வீட்டாரோடு சேர்ந்து அதைச் சீர்செய்தவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்டு அவரை அழைத்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், சென்னைமீது குண்டு பொழிந்த அதே எம்டன்! மனிதர் அயரவில்லை, வேறு படங்கள் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

பின்னர் மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான குடியிருப்பொன்றை ஊடறுத்து நேர்த்தெருக்கள் போடத் திட்டமிருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். பாழ்பட்ட வீட்டை மட்டும் அகற்று, அவ்விடத்தைத் திறந்த வெளியாக விடு, மரம் நடு, சந்தைச் சற்றே அகலமாக்கு, நல்ல வீட்டைத் தொடாதே என்றார். இம்முறைக்குக் 'காக்கும் அறுவை' எனப் பெயரிட்டார். செலவும் குறைவு, வீடிழப்போரும் சிலரே.

வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவனொருவன் எழுந்தான். "ஐயா, பழைய தெருவைக் காத்தால் பழைய சாதியையும் காத்ததாகாதா?" நல்ல கேள்வி! கோயில் நகரமைப்பைக் கண்டு கெடிஸ் வியந்த வியப்பு முழுவதையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் 1924-இல் வைக்கத்தில் பெரியார் சிறைபுகுந்தது எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடப்பதற்காக. தெருவை இடிக்க அங்கே யாரும் கோரவில்லை. தடையைத்தான் இடிக்கச் சொன்னார்கள்.

2015-இல் ஒன்றிய அரசு 'ஹிருதய்' என்ற மரபு நகரத் திட்டத்தைத் தொடங்கிற்று. தேர்ந்த பன்னிரண்டு நகர்களுள் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் உண்டு. 2019-இல் திட்டம் முடிந்தது. இனி வேறு பெயரில் வேறு திட்டம் வரலாம். வருவோர் காஞ்சியில் கோபுரத்தை அளக்குமுன் நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கட்டும். அங்கே தரையில் குழி தோண்டித் தறி நாட்டியிருக்கிறார்கள். வீட்டை எடுத்துக்கொண்டு அடுக்குமாடியில் இடம் தருவதாகச் சொன்னால், அந்தக் குழித்தறியை எந்த மாடியில் தோண்டுவது?